எல்லையோர வீட்டுக்கு மாடுலர் சமையலறை: கதவைத் திறந்து பார்த்து வாங்குவது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு இரண்டு மாநிலக் கடைகளும் கைக்கெட்டும் தூரம்தான். கிழக்கே பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும், மேற்கே பாலக்காடும் திருச்சூரும். எந்தப் பக்கம் போனாலும் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும் மாடுலர் சமையலறைகள், அதாவது பெட்டி பெட்டியாகச் செய்து கொண்டுவந்து பொருத்தும் சமையலறைகள், மாதிரிக்காகக் காத்திருக்கும். உள்ளே நுழைந்ததும் முதலில் நீட்டப்படுவது நிற அட்டை. புதிதாக வாங்குகிறவர் அரைநாளை அதிலேயே செலவழித்துவிட்டு, பலகை என்ன, கீல் என்ன என்று கேட்காமலே முன்பணம் கொடுத்துவிடுகிறார்.

ஒரு சமையலறை பத்து மழைக்காலம் தாங்குமா என்பதை நிறம் தீர்மானிப்பதில்லை. சிங்க்குக்குக் கீழே உள்ள பெட்டியின் அடிப்பலகை, பலகையை அறுத்த முனை, கீல், இழுப்பறை வழுக்கி ஓடும் சேனல், கல்லின் விளிம்பு இவைதான் தீர்மானிக்கின்றன. கடைக்காரர் கடைசியாகக் காட்டுவதை நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன்பு

இப்போது புழங்கும் சமையலறையில் உள்ள பாத்திரங்களை வெளியே எடுத்து வையுங்கள். டேப்பைப் பிடித்து அளந்து எழுதுங்கள். இட்லிப் பானையின் உயரம், பெரிய குக்கரின் உயரம், குழலோடு சேர்த்துப் புட்டுக்குடம், பெரிய ஜாரைப் பொருத்திய நிலையில் மிக்ஸி, மூடியைத் திறந்த நிலையில் கிரைண்டர், அரிசி டிரம்மின் விட்டம், உருளி, முறுக்கு வாணலி. கடைக்காரர் காட்டும் இழுப்பறை கரண்டிக்கும் தட்டுக்கும் கச்சிதமாக இருக்கும். இட்லிப் பானையை வைத்தால் மூடாது. கடைசி இழுப்பறையின் உயரத்தை உங்கள் பானையைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் பக்கத்து வீடுகளில் கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசியும் வெள்ளைப் புழுங்கல் அரிசியும் இரண்டுமே இருக்கும். ஆகவே அரிசிக்கு இரண்டு இடம் வேண்டும். வடித்துச் சாப்பிடுகிற வீடானால், கஞ்சியை வடிக்கும் இடம் சிங்க்கை ஒட்டி, அடுப்பிலிருந்து இரண்டு எட்டு தூரத்துக்குள் இருக்க வேண்டும். கொதிக்கும் பானையைத் தூக்கிக்கொண்டு சமையலறையின் குறுக்கே நடக்க வைக்கும் வடிவமைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்து, ஒர்க் ஏரியா. கேரளத்து வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் விறகடுப்பும் அம்மியும் மீன் கழுவும் தொட்டியுமாக இன்னொரு சமையலறை இருப்பது வழக்கம். எல்லைக்கு இந்தப் பக்கமுள்ள தமிழ்க் குடும்பங்களும் அதற்குப் பழகிவிட்டன. அப்படி ஒன்று இருந்தால், உண்மையான சமையலில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கும். அதை ஒத்துக்கொண்டு உள்ளே சிறிய சமையலறையாகச் செய்துகொள்ளுங்கள். மிச்சப்படும் பணத்தை நல்ல பலகையிலும் கீலிலும் போடலாம். விருந்தினர் பார்ப்பதற்காக ஒரு சமையலறையும் சமைப்பதற்காக ஒரு சமையலறையும் முழுச் செலவில் கட்டுவது பகட்டு, வேறொன்றும் இல்லை.

மேடையின் உயரத்தைக் கடைக்காரரிடம் விடாதீர்கள். சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடக்கினால், தரையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரத்தில் 10 முதல் 15 சென்டிமீட்டர் குறைத்தால் வருவதுதான் அவருக்கான மேடை உயரம். நம் பெண்களில் பலருக்கு அது 32 அங்குலத்திலிருந்து 34 அங்குலத்துக்குள் வரும். மேடைமேல் வைக்கும் சாதாரண கேஸ் அடுப்பு இன்னும் சில அங்குலத்தைக் கூட்டிவிடும் என்பதை மறந்துவிட்டுத்தான் பல வீடுகளில் தோள்வலி வருகிறது. அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் சற்றே தாழ்த்திக் கட்டலாம். அல்லது கல்லில் பதிக்கும் அடுப்பு வாங்கலாம். கிரைண்டருக்கு இன்னும் தாழ்வான இடம் நல்லது. வீட்டில் சமைப்பது யாரோ அவர்தான் அளவெடுக்கும் நாளில் நிற்க வேண்டும். பணம் கொடுப்பவர் நின்று அளவு கொடுத்தால் மேடை அவர் நெஞ்சுக்குப் பொருந்தும்.

மற்ற அளவுகள் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றுதான். மேடையின் ஆழம் 24 அங்குலம். மேல்பெட்டியின் ஆழம் 12 முதல் 14 அங்குலம். மேடைக்கும் மேல்பெட்டிக்கும் இடையில் சுமார் 24 அங்குலம். கீழ்ப்பெட்டிக்குக் கீழே கால் நுழைய 4 அங்குலம்.

சுவர் பூசும் முன்பே முடிய வேண்டியவை

மாடுலர் வேலைக்காரர் வருவது கடைசியில். ஆனால் அவருக்கு வேண்டிய துளைகளும் குழாய்களும் முதலிலேயே சுவருக்குள் போயிருக்க வேண்டும். ஆகவே வரைபடம் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு கடைக்காரரைத் தேடினால், சுவரில் உள்ள குழாய்க்கு ஏற்பச் சமையலறையை வளைக்க வேண்டி வரும்.

மின்சாரத்தில், மிக்ஸிக்கு 6 ஆம்பியர் போதும். ஓவன், மின் அடுப்பு, பாத்திரம் கழுவும் இயந்திரம் போன்றவற்றுக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் தனி ஒயரும் வேண்டும். சாக்கெட்டுகள் மேடைக்கு மேலே எட்டு, ஒன்பது அங்குலத்தில், சிங்க்கிலிருந்து தள்ளி. மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். ஈரக் கையோடு சுவிட்ச் போடும் இடம் இது.

கேஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டித் தேங்கும். அதனால் சிலிண்டரை மூடிய பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது ஆபத்து. வெளிச்சுவரை ஒட்டி, மழை படாமல், தரைமட்டத்தில் காற்றோட்டம் உள்ள இடத்தில் நிமிர்த்தி வைத்து, செம்புக் குழாயில் உள்ளே கொண்டு வருவது நல்லது. உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால் கதவின் அடியிலும் பெட்டியின் பக்கத்திலும் காற்றுத் துளைகள் வேண்டும். ரப்பர் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் அல்லவா?

சிம்னி வைப்பதானால் 6 அங்குலக் குழாய்க்குச் சுவரில் துளை இப்போதே போட்டுவிடுங்கள். குழாய் எவ்வளவு குட்டையாக, வளைவில்லாமல் வெளியே போகிறதோ அவ்வளவு நன்றாகப் புகை இழுக்கும். மேல்பெட்டிக்குள் மூன்று வளைவு வளைத்துக் கொண்டு போனால், எத்தனை விலை கொடுத்த சிம்னியும் சத்தம் மட்டும் போடும்.

பெட்டி: பணம் போக வேண்டிய இடம்

கீழ்ப்பெட்டி, மேல்பெட்டி என்று நாம் சொல்லும் கூடு எந்தப் பலகையில் செய்யப்படுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். கதவைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கூடு போனால் எல்லாம் போயிற்று.

மிக மலிவானது பார்ட்டிகிள் போர்டு. மரச்சில்லுகளைப் பசையிட்டு அழுத்திய பலகை. தண்ணீர் பட்டால் உப்பி உதிரும். சமையலறையில் அதற்கு வேலை இல்லை. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் வழவழப்பாக இருக்கும், பெயின்ட் அழகாகப் பிடிக்கும், ஆனால் ஈரத்தில் ஊதிப்போகும். கதவுக்கு வைக்கலாம், கூட்டுக்கு வேண்டாம். ஹெச்டிஹெச்எம்ஆர் என்று இப்போது எல்லாக் கடையிலும் சொல்வது அதைவிட அடர்த்தியான, ஈரத்தை ஓரளவு தாங்கும் பலகை. ஓரளவு என்பதைக் கவனியுங்கள். காற்றில் உள்ள ஈரத்தைத் தாங்கும். தேங்கிய தண்ணீரில் நின்றால் தாங்காது. மேல்பெட்டிக்கு நல்ல தேர்வு.

பிளைவுட்டில்தான் ஏமாற்று அதிகம். இரண்டு இந்தியத் தர எண்களை நினைவில் வையுங்கள்: ஐஎஸ் 303, ஐஎஸ் 710. முதலாவது பொதுப் பயன்பாட்டுக்கானது. அதற்குள்ளேயே ஈரத்தை ஓரளவு தாங்கும் எம்ஆர் வகையும், அதைவிட உறுதியான பிடபிள்யூஆர் வகையும் உண்டு. இரண்டாவதுதான் கடல் நீருக்கும் தாக்குப்பிடிக்கும் மரைன் பிளைவுட். வேறுபாடு பெரும்பாலும் பசையில் இருக்கிறது. எம்ஆர் வகைக்கு யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. 710 வகைக்கு ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை. பின்னது 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்குப் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது தரச் சோதனை.

"மரைன்" என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பலகையில் அச்சடிக்கலாம். ஐஎஸ்ஐ முத்திரையும், அதன் மேலே ஐஎஸ் 710 என்ற எண்ணும், கீழே சிஎம்/எல் (CM/L) என்று தொடங்கும் உரிம எண்ணும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். அந்த உரிம எண்ணை "பிஐஎஸ் கேர்" என்ற அரசுச் செயலியில் போட்டால், எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்கு அது கொடுக்கப்பட்டது என்று காட்டும். கடையில் நின்றபடியே செய்துவிடலாம். கடைக்காரரின் முகம் மாறுகிறதா என்பதும் ஒரு சோதனைதான்.

கேரளத்தில் பிளைவுட் என்றால் பெரும்பாவூர். எர்ணாகுளம் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரைச் சுற்றிலும் தொழிற்சாலைகள்; எல்லைக் கடைகளுக்கு வரும் பலகையில் கணிசமானது அங்கிருந்து வருவதுதான். நல்லதும் அங்கிருந்துதான் வருகிறது, மட்டமானதும் அங்கிருந்துதான் வருகிறது. ஊர்ப் பெயரைச் சொல்லி விற்பவரிடம் முத்திரையைக் கேளுங்கள். நடு அடுக்குகளுக்கு ரப்பர் மரம் பயன்படுவது சாதாரணம். அதில் தவறில்லை. ஆனால் ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம்; மருந்து ஏற்றிப் பதப்படுத்தாவிட்டால் துளைப்பான் பூச்சி உள்ளிருந்தே தின்னும். கதவுக்குக் கீழே மாவு போல மெல்லிய தூள் தினமும் உதிர்ந்தால் அதுதான் காரணம்.

பலகையை அறுத்த முனையைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவில் பொந்து இருந்தால் அந்த இடத்தில் திருகு பிடிக்காது. விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போனால் பொந்து உள்ள இடத்தில் ஒலி மாறும். சந்தேகம் தீராவிட்டால், உள்ளங்கை அளவு வெட்டுத்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பழைய பாத்திரத்தில் போட்டுச் சில மணி நேரம் கொதிக்க வையுங்கள். இது ஆய்வுக்கூடச் சோதனை ஆகாது. ஆனாலும் எம்ஆர் பலகையை மரைன் என்று சொல்லி விற்றிருந்தால் ஓரங்கள் வாய் பிளந்து காட்டிக் கொடுத்துவிடும். துண்டு தர மறுக்கும் கடையில் பலகையும் வாங்க வேண்டாம்.

பிவிசி நுரைப் பலகையைக் கேரளத்தில் மல்ட்டிவுட் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். கரையான் தொடாது, தண்ணீர் ஒன்றும் செய்யாது. சிங்க்குக்குக் கீழே வைக்க இதைவிடப் பொருத்தமான பலகை இல்லை. அதற்காக முழுச் சமையலறையையும் இதிலேயே செய்துவிட்டால் தொல்லைதான். நீளமான தட்டாகப் போட்டுப் பாத்திரத்தை அடுக்கினால் நாளாவட்டத்தில் நடுவில் தொய்யும். அடுப்பை ஒட்டிய இடத்தில் சூட்டில் இளகும். திருகைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் பிடிமானம் போகும்.

அலுமினியச் சட்டத்தில் செய்யும் பெட்டிகளும் இப்போது பரவலாக இருக்கின்றன. அலுவலகம் போலத் தோன்றும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். தரையைத் தினமும் தண்ணீர் விட்டுக் கழுவுகிற வீட்டுக்கும், கரையான் புற்று உள்ள மனைக்கும், வாடகைக்கு விடுகிற வீட்டுக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கூட்டைப் பலகையில் செய்யாமல், கடப்பாக்கல்லிலோ ஃபெரோசிமெண்ட் (கம்பி வலையில் சிமெண்ட் பூசிய) பலகையிலோ தடுப்பு நிறுத்தி, கதவு மட்டும் மாட்டுவது. தமிழ்நாட்டுப் பக்கம் கடப்பாக்கல், கேரளப் பக்கம் ஃபெரோசிமெண்ட். மலிவு, தண்ணீருக்குப் பயமில்லை, கரையான் அரிக்காது. குறை என்னவென்றால், கல் வேலை என்றுமே கோணம் சரியாக வராது; இழுப்பறைச் சேனலுக்கு இம்மி பிசகினாலும் சிக்கும். இழுப்பறை வரும் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் உள்ளே பலகைப் பெட்டி நுழைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் கல்லை வைத்துக் கொள்வது எல்லை வீடுகளுக்கு மிகவும் ஒத்துவரும் ஏற்பாடு. ஷோரூம்காரர்கள் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள், அவர்களுக்கு அதில் வியாபாரம் குறைவு.

எல்லாம் ஒரே பலகையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என்னைக் கேட்டால், சிங்க் பெட்டிக்கு மல்ட்டிவுட், மற்றக் கீழ்ப்பெட்டிகளுக்கு 18 மில்லிமீட்டர் 710 பிளைவுட், மேல்பெட்டிக்கு ஹெச்டிஹெச்எம்ஆர் அல்லது பிடபிள்யூஆர் பிளைவுட். இப்படிக் கலந்து கேட்டால் சில கடைகளில் முடியாது என்பார்கள். முடியும்.

ஓரமும் உட்பக்கமும்

பலகை நல்லதாக இருந்தும் பெட்டி கெடுவது ஓரத்தால். வெளியே 1 மில்லிமீட்டர் லேமினேட் தாள் ஒட்டிவிட்டு உள்ளே ஒன்றும் ஒட்டாமல் விட்டால் பலகை ஒரு பக்கமாக வளையும். உள்ளேயும் மெல்லிய லேமினேட் வேண்டும். அறுத்த முனைகளில் எட்ஜ் பேண்டிங் என்ற ஓரப் பட்டை ஒட்டியிருக்க வேண்டும், முன்பக்கம் மட்டும் அல்ல, கண்ணுக்குத் தெரியாத அடி ஓரத்திலும். ஈரம் நுழைவது அந்த அடி ஓரத்தில்தான். தொழிற்சாலையில் இயந்திரத்தால் சூடாக்கி ஒட்டியது நிற்கும். கையால் பசை தடவி ஒட்டியது அடுப்பு வெப்பத்தில் உரியத் தொடங்கும். நகத்தால் ஓரத்தை நெருடிப் பாருங்கள், விலகக் கூடாது.

உங்கள் ஊர் ஆசாரியை வைத்தே செய்வதானால் தயங்க வேண்டாம். நல்ல ஆசாரி செய்த பெட்டி ஷோரூம் பெட்டிக்குக் குறைந்ததல்ல. பலகையை மட்டும் வெட்டி ஓரம் ஒட்டித் தரும் இயந்திரப் பட்டறைகள் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் இருக்கின்றன. வெட்டலையும் ஓரத்தையும் அங்கே கொடுத்துவிட்டு, பொருத்தும் வேலையை ஆசாரியிடம் கொடுக்கலாம். ஆணி அடிக்காமல் திருகு போடச் சொல்லுங்கள்.

பெட்டி நேராகத் தரையில் உட்காரக் கூடாது. உயரம் கூட்டிக் குறைக்கும் பிவிசி கால்கள் மேல் நின்று, முன்னால் கழற்றி மாட்டும் ஸ்கர்ட்டிங் பலகை இருந்தால், தரை கழுவும் தண்ணீர் பலகையைத் தொடாது; உள்ளே ஓடும் கரப்பான் பூச்சியையும் விரட்டலாம்.

கதவு

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லேமினேட் கதவு உழைக்கும், மலிவு, கீறல் தாங்கும். அக்ரிலிக் கண்ணாடி போல மின்னும், கீறலும் கண்ணாடி போலத் தெரியும். பியு (பாலியுரேத்தேன்) பெயின்ட் அழகு, ஆனால் அடிபட்ட இடத்தில் பெயர்ந்தால் வீட்டில் சரிசெய்ய முடியாது. மெம்பிரேன் என்ற உறை ஒட்டிய கதவு அடுப்புப் பக்கம் உரிகிறது, தவிர்த்துவிடுங்கள். சொரசொரப்பான, மரவரி வெட்டியது போன்ற மேற்பரப்பில் தாளிப்பு எண்ணெய் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்தான் கதி.

கீல், சேனல், கம்பிக் கூடை

கதவு மெதுவாக மூடுவதைக் காட்டிக் கடைக்காரர் உங்களை மயக்குவார். மெதுவாக மூடுவது ஒரு வசதி மட்டுமே. கீல் எந்த உலோகம், பூச்சு எப்படி, மூன்று திசையிலும் திருகிச் சரிசெய்ய முடியுமா, கழற்றினால் உதிரி கிடைக்குமா என்பவைதான் கேள்விகள். ஹெட்டிச், ஹாஃபெலே, புளூம், எப்கோ போன்ற பெயர்கள் எல்லாக் கடையிலும் சொல்லப்படும். பெயரைக் கேட்டால் போதாது, மாதிரி எண்ணைக் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். ஒரே நிறுவனத்தில் விலை குறைந்த வரிசையும் உண்டு, உயர்ந்த வரிசையும் உண்டு. பொருத்தும் நாளில் கீலின் மேல் பொறித்த பெயரையும் பாருங்கள்.

இழுப்பறைச் சேனலுக்கு எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள். கரண்டி இழுப்பறைக்கு எது போட்டாலும் ஓடும். வெண்கல உருளியும் இரும்புத் தோசைக்கல்லும் வைக்கும் அடி இழுப்பறைக்குக் கனமான சேனல் வேண்டும். முழுதாக வெளியே வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள். முக்கால்வாசி மட்டும் வருவதில் பின்னால் உள்ள பாத்திரம் யாருக்கும் தெரியாமல் வருடக்கணக்காகக் கிடக்கும்.

கம்பிக் கூடைகளில் குரோம் பூசிய இரும்பு எங்கள் பக்கத்து உப்புச்சுவைக் கிணற்றுத் தண்ணீருக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும். 304 வகை துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள். அதில் 18 சதவீத அளவு குரோமியமும் 8 சதவீத அளவு நிக்கலும் இருக்கும். 202 வகையில் நிக்கல் குறைவு, அதற்குப் பதில் மாங்கனீசு; பார்க்க ஒன்று போலவே மின்னும், பிறகு புள்ளிப் புள்ளியாகத் துரு வரும். காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 தான் என்று கடையில் காந்தம் வைத்துக் காட்டுவார்கள். அந்த வித்தையை நம்ப வேண்டாம், 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதி வாங்குவதுதான் வழி. வலுவாக ஒட்டினால் மட்டும் அது இன்னும் மலிவான வகையாக இருக்கலாம் என்று சந்தேகப்படலாம்.

மூலைப் பெட்டிக்கு என்று சுழலும் தட்டு, வெளியே வந்து திரும்பும் கூடை என்று பெரிய விலையில் காட்டுவார்கள். பழுதானால் ஆள் கிடைப்பது கடினம். அங்கே அரிசி டிரம்மை வைத்துவிடுங்கள்.

கல்லும் சிங்க்கும்

மேடைக்குக் கிரானைட் போதும். ஆந்திராவில் ஓங்கோல் அருகே சீமகுர்த்தியில் வெட்டும் பிளாக் கேலக்ஸி முதல் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கற்கள் வரை தேர்வு நிறைய. புளியும் எலுமிச்சையும் கிரானைட்டை ஒன்றும் செய்யாது; மார்பிளை அரித்துத் தழும்பாக்கும். குவார்ட்ஸ் என்ற செயற்கைக் கல்லில் பிசின் கலந்திருப்பதால், அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேராக வைத்தால் நிறம் மாறும். நம் வீடுகளில் பிரிமனை தேடுகிற பொறுமை எத்தனை பேருக்கு இருக்கிறது? மிக மலிவான கறுப்புக் கல்லில் சாயம் ஏற்றியது உண்டு. நகப்பூச்சு அழிக்கும் அசிடோனை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேயுங்கள், துணி கறுத்தால் அது சாயம்.

கல்லின் முன்விளிம்பு கதவைத் தாண்டி ஓர் அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். விளிம்பின் அடியில் ஒரு சிறு பள்ளக் கோடு வெட்டச் சொல்லுங்கள். மேடையைத் துடைக்கும் தண்ணீர் அந்தக் கோட்டில் வந்து கீழே சொட்டிவிடும். கோடு இல்லாவிட்டால் கல்லின் அடிவழியே ஊர்ந்து போய்ப் பலகையின் மேல் முனையில் இறங்கும். கல் வேலைக்காரருக்குச் சிறிய வேலை. ஆனால் கேட்டால்தான் செய்வார். கல்லின் இணைப்பு சிங்க்குக்கு நேராக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரட்டைத் தொட்டி சிங்க் வேண்டாம். இரண்டிலும் இட்லிப் பானை நுழையாது. ஒரே பெரிய, ஆழமான தொட்டியாக, 304 எஃகில் வாங்குங்கள்.

கொட்டேஷனைப் படிப்பது

ஒருவர் சதுர அடிக்கு ஒரு விலை சொல்வார், இன்னொருவர் நீள அடிக்குச் சொல்வார், மூன்றாமவர் மொத்தமாகச் சொல்வார். ஒப்பிட வழியில்லாமல் செய்வதற்காகவே இப்படி இருக்கிறதோ என்று தோன்றும். மூன்றையும் முன்பக்கப் பரப்பளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 10 அடி நீள மேடை என்றால், கீழ்ப்பெட்டி 2.5 அடி உயரத்தில் 25 சதுர அடி, மேல்பெட்டி 2 அடி உயரத்தில் 20 சதுர அடி, மொத்தம் 45. பரண் பெட்டியும் கேட்டால் இன்னொரு 20. பரணைச் சேர்த்துச் சொன்ன விலையையும் சேர்க்காமல் சொன்ன விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழம்ப வேண்டாம்.

விலைக்குள் கீல், சேனல், கூடை, கைப்பிடி, கல், சிங்க், சிம்னி, வண்டி வாடகை, வரி இவற்றில் எது அடக்கம், எது தனி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். குறைந்த விலை கொட்டேஷனில் பெரும்பாலும் கூடைகள் வெளியே நிற்கும். கூடுக்கு எந்தப் பலகை, எந்தத் தடிமன், எந்த ஐஎஸ் எண் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். நீங்கள் படிக்கத் தெரிந்த மொழியில் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் மலையாள கொட்டேஷனில் கையெழுத்துப் போடக் கூடாது. மலையாளம் மட்டும் படித்த பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் இதுவே பொருந்தும்.

பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். முன்பணம், பலகையைப் பட்டறையில் நேரில் பார்த்த பின் ஒரு பகுதி, வீட்டுக்கு வந்து இறங்கிய பின் ஒரு பகுதி. பத்தில் ஒரு பங்கையாவது எல்லாம் பொருத்தி, தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகு கொடுப்பதாக முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எல்லை தாண்டி வாங்கினால்

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன. அதனால் வாளையாற்றிலோ கோபாலபுரத்திலோ பழையபடி காத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் கடந்து வரும்போது இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு வேண்டும்; வழியில் வண்டியை நிறுத்திக் கேட்கலாம். அதை எடுத்துத் தருவது விற்பவரின் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு பொருளுக்கான ஜிஎஸ்டி மொத்த விகிதம் இரு மாநிலத்திலும் ஒன்றுதான்; அந்தப் பக்கம் வரி குறைவு என்று யாராவது சொன்னால் அவர் பில் இல்லாமல் விற்கப் பார்க்கிறார் என்று பொருள். பில் இல்லாவிட்டால் உத்தரவாதமும் இல்லை, வழக்கும் இல்லை.

வழக்கு என்றதும் இன்னொரு மாநிலத்துக்கு அலைய வேண்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கோயம்புத்தூரில் வாங்கியதற்குப் பாலக்காட்டில் புகார் கொடுக்கலாம், மறுதலையாகவும் கொடுக்கலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் பார்க்கலாம்.

நடைமுறையில் வழக்கைவிட முக்கியமான கேள்வி: கீல் தொங்கினால் யார் வருவார்? உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அந்தக் கடை செய்து கொடுத்த ஒரு வீட்டின் முகவரியைக் கேட்டு, மூன்று நான்கு வருடம் ஆன சமையலறையாகப் போய்ப் பாருங்கள். சிங்க்குக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து முகர்ந்து பார்க்கும் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வீட்டு அக்காவோ அம்மாவோ சொல்வதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது, பெரிய எச்சரிக்கையும் கிடையாது.

எப்போது செய்யக் கொடுப்பது?

தமிழர்களுக்கு ஆவணி மாதம், மலையாளிகளுக்குச் சிங்கம் மாதம். இரு தரப்பும் ஆடி, கர்க்கடக மாதத்தில் புதுமனை புகாமல் காத்திருந்து ஒரே நேரத்தில் நாள் குறிக்கிறார்கள். எல்லா ஆசாரியும் எல்லாப் பட்டறையும் அந்த வாரங்களில் திணறுவார்கள். அதைவிட மோசம், ஆவணிக்குப் பொருத்த வேண்டிய பலகை தென்மேற்குப் பருவமழையின் நடுவில் அறுத்து ஒட்டப்படுகிறது. ஈரம் குடித்த பலகையில் லேமினேட் சரியாக ஒட்டாது; பூச்சு காயாத சுவரை ஒட்டிப் பெட்டியை நிறுத்தினால் பின்பலகையில் பூஞ்சை பிடிக்கும். பங்குனி, சித்திரையில் பலகை வேலையை முடித்து வைத்துக்கொண்டு, பொருத்துவதை மட்டும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும் நாளில் வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். சிங்க்கை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, கீழே உலர்ந்த செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஒரு துளி விழுந்தாலும் தெரியும். எல்லா இழுப்பறையையும் பாத்திரத்தை வைத்த பிறகு இழுங்கள், காலியாக அல்ல. குழாய் போகத் துளைத்த இடங்களில் பலகையின் முனை அப்படியே வெளியே தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் சிலிக்கான் தடவச் சொல்லுங்கள்.

மிச்சமான லேமினேட் துண்டு, எட்ஜ் பேண்டிங் சுருள், இரண்டு உதிரிக் கீல் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். கீலின் மாதிரி எண்ணையும் லேமினேட்டின் எண்ணையும் ஒரு கதவின் உட்புறத்தில் அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள். வேலைக்காரர் கிளம்புவதற்குள் கீலில் உள்ள மூன்று திருகுகளில் எது கதவைப் பக்கவாட்டில் நகர்த்தும், எது உள்ளே வெளியே நகர்த்தும், எது மேலே கீழே நகர்த்தும் என்று உங்கள் கையாலேயே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். முதல் மழைக்காலத்தில் கதவுகள் கொஞ்சம் இடம் மாறும். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் சரிசெய்துவிடலாம்.